வெயிலூரில் வேர் பிடித்தல்

மூன்று ஆண்டுகளுக்கு முன், கத்திரி வெயிலின் இரண்டாம் வாரத்தில், மொட்டை மாடியிலிருந்த மணி பிளாண்ட் கொடி வாடத் தொடங்கியதைக் கண்டு, அதைக் காப்பாற்றும் எண்ணத்தில் 14 துண்டுகளாக வெட்டி, காலி ஊறுகாய்க் குப்பிகளில் தண்ணீர் நிரப்பி, சமையலறைச் சன்னலில் வரிசையாக நிறுத்தினேன். நான்காம் நாள் காலையில் பால் காய்ச்சப் போனபோது சன்னல் பக்கமிருந்து சாக்கடை வாடை வந்தது. தண்ணீர் கலங்கியிருந்தது, தண்டுகளின் அடி கறுத்து, விரலால் தொட்டால் தோல் தனியாகவும் நார் தனியாகவும் வழுக்கிக்கொண்டு வந்தன. 14இல் பிழைத்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று ஏன் பிழைத்தது என்று யோசிக்கப் போய்த்தான் இந்தப் பழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டது.

பிழைத்த துண்டு சன்னலில் இருக்கவில்லை. சன்னல் திட்டில் இடம் போதாததால் அதை மட்டும் தரையில், குடிதண்ணீர் மண்பானைக்கு அடியில் பரப்பியிருந்த மணலின் மேல் வைத்திருந்தேன். பானை கசிந்து மணலை நனைக்க, மணலின் ஈரம் காற்றில் ஆவியாக, அந்தக் குப்பி நாள் முழுவதும் குளிர்ந்தே இருந்திருக்கிறது. கொடியும் ஒன்று, தண்ணீரும் ஒன்று, வெட்டிய கத்தியும் ஒன்று. வேறுபட்டது அந்த இடத்தின் சூடு மட்டுமே. அதுவரை நான் படித்த குறிப்புகளும் பார்த்த காணொளிகளும் பெரும்பாலும் குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களுடையவை. வெட்டிய தண்டுக்கு வெதுவெதுப்புக் கொடுங்கள், தொட்டிக்கு அடியில் வெப்பப் பாய் விரியுங்கள், குளிர்காலம் கழிந்து வெயில் வந்ததும் தொடங்குங்கள் என்று அவர்கள் சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. வேலூர் என்ற ஊர்ப் பெயரையே வெயிலூர் என்று திரித்துக் கேலி பேசிக்கொள்ளும் நாம், அந்த அறிவுரையில் பாதியைத் தலைகீழாகத் திருப்பித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

திருப்பக் கூடாத பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். குடியாத்தம் பக்கத்தில் எங்கள் அப்பா கரும்பு வைத்திருந்த காலத்தில், நடவுக்கு முந்தைய நாள் அவர் களத்தில் உட்கார்ந்து கரணை, அதாவது நடுவதற்கான கரும்புத் துண்டு, வெட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கரணையிலும் முளைக்கும் மொட்டாகிய பரு இரண்டு இருக்க வேண்டும். பரு நசுங்கியிருந்தால் அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிடுவார். கழியின் அடிப்பகுதியை ஒதுக்கிவிட்டு மேல்பகுதியையே விதைக்கு எடுப்பார், ஏனென்றால் மேலே உள்ள பரு இளசு, சீக்கிரம் முளைக்கும். கத்தி ஒரே வீச்சில் இறங்க வேண்டும், இரண்டாம் வெட்டு விழுந்தால் கழி பிளந்துவிடும் என்பார். வீட்டுக்குள் செடி வளர்ப்பதைப் பற்றி அவருக்கு எந்த மதிப்பும் இருந்ததில்லை. ஆனால் இன்று நான் மாடிவீட்டுச் சமையலறையில் செய்வது முழுக்க அவருடைய கரணை வேலைதான்.

மணி பிளாண்ட் கொடியைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு கணுவிலும் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு முண்டு துருத்திக்கொண்டிருப்பது தெரியும். அது காற்றுவேரின் தொடக்கம். ஈரம் பட்டால் நீளும். இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். புதுக் கொடி புறப்படுவது அங்கிருந்துதான். ஆகவே கணுவுக்கு அரை அங்குலம் கீழே வெட்ட வேண்டும், கணு தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும், இலை வெளியே இருக்க வேண்டும். கணு இல்லாமல் இலையையும் காம்பையும் மட்டும் கிள்ளிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த இலை சில சமயம் வேர்கூட விடும். மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். ஆனால் மொட்டு இல்லாததால் கொடி ஒருநாளும் வராது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அப்படி ஓர் இலையை ஓராண்டு மேசைமேல் வைத்து நம்பிக்கையோடு காத்திருந்தார், நானும் அதில் பாதிக் காலம்வரை ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

கத்தரிக்கோல் வேண்டாம் என்பது என் கட்சி. அது தண்டை வெட்டுவதற்கு முன் நசுக்குகிறது. நசுங்கிய திசுவில் அழுகல் முதலில் பிடிக்கிறது. புது பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து ஒரே இழுப்பில் வெட்டுவதே நல்லது. ஒரு துண்டுக்கு இரண்டு இலைக்குமேல் விட வேண்டியதில்லை. வேரில்லாத தண்டு குடிக்கும் தண்ணீர் குறைவு, இலைகள் காற்றில் விடும் தண்ணீர் அதிகம், இந்தக் கணக்கு நேராகும்வரை செடி கடனில்தான் வாழ்கிறது. இலை பெரிதாக இருந்தால் குறுக்கே பாதியாக வெட்டிவிடுவேன். பார்க்க அழகாக இருக்காது. பங்குனி சித்திரையின் உலர்ந்த காற்றில் அந்தப் பாதி இலைதான் செடியைக் காப்பாற்றுகிறது.

வேர் எப்போதும் அடிப்பக்கத்து வெட்டுவாயில் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு விடை தெரிந்தபின் இந்த வேலை எனக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. நுனிக்கொழுந்திலும் இளம் இலைகளிலும் உண்டாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி, தண்டு வழியே கீழ்நோக்கிக் கடத்தப்படுகிறது. வெட்டுவாயை அடைந்ததும் மேற்கொண்டு போக வழியின்றி அங்கே சேர்கிறது. சேர்ந்த இடத்தில் வேர் பிறக்கிறது. டச்சுக்காரரான ஃபிரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் முளைகளின் நுனியை வெட்டி அகர் என்னும் கடற்பாசிக் கூழ்க் கட்டியின் மேல் வைத்து, அதில் இறங்கிய பொருள் முளையை வளைக்கிறது என்று 1928இல் காட்டினார். 1930களிலேயே அந்தப் பொருளின் வேதியமைப்பும், வேர் பிடிக்க வைக்கும் அதன் ஆற்றலும் தெரிந்துவிட்டன. இன்று செடிக் கடைகளில் சிறு டப்பாவில் விற்கும் வேர்த்தூளில் இருப்பது அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்டோல் பியூட்டிரிக் அமிலம். 1957இல் ஸ்கூக், மில்லர் என்ற இருவர், ஆக்சினும் சைட்டோகைனின் என்னும் இன்னொரு ஊக்கியும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே திசு வேராவதும் தளிராவதும் அமைகிறது என்று புகையிலைத் திசுவைக் கொண்டு நிறுவினார்கள். மணி பிளாண்டுக்கும் கற்பூரவல்லிக்கும் தூள் தேவையே இல்லை. செம்பருத்தி, மல்லிகை போன்ற சற்று முற்றிய தண்டுகளுக்கு அது உதவுகிறது. ஒற்றி எடுத்து, உதறிவிட்டு நட வேண்டும், அப்பிக்கொண்டால் வெட்டுவாய் வெந்துவிடும். கற்றாழைச் சாறும் தேனும் தூளுக்கு ஈடு என்று சொல்பவர்கள் உண்டு; இரண்டையும் செய்து பார்த்தேன். தேன் தடவிய துண்டுகளுக்கு எறும்புதான் முதலில் வந்து சேர்ந்தது.

ஆக்சின் ஒருவழிப் பயணி என்பதைப் பாம்புச் செடி எனக்கு நேரடியாகக் கற்றுக்கொடுத்தது. அதன் நீண்ட இலையை மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்கி, செய்தித்தாளில் பரப்பிக் காயவைத்துவிட்டு, மாலையில் நடப் போனபோது எது தலை எது கால் என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக நட்டேன். தலைகீழாக நின்றவை கடைசிவரை வேர்விடவில்லை. இப்போது வெட்டும்போதே அடிப்பக்கத்தில் ஒரு முக்கோண வெட்டுப் போட்டுவிடுகிறேன். இன்னொன்றும் அந்தச் செடியிடம் கற்றேன். மஞ்சள் விளிம்புள்ள இலையை நட்டால் வரும் குட்டி வெறும் பச்சையாகத்தான் வரும். விளிம்பின் மஞ்சள் வெளி அடுக்கில் மட்டும் உள்ள வேறு வகைத் திசு, புதுக் குட்டியோ உள் அடுக்கிலிருந்து பிறக்கிறது. மஞ்சள் விளிம்பு வேண்டுமென்றால் கிழங்கோடு பக்கக் கன்றைப் பிரித்துத்தான் நட வேண்டும். நம் ஊர்ப் புதர்க்காட்டில் வளரும் மருளும் இதன் நெருங்கிய உறவுதான். அதன் இலை நாரைத் திரித்து வில்லுக்கு நாண் செய்தார்கள்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன், ஏனெனில் வேலூரில் இந்த வேலை தோற்பதும் ஜெயிப்பதும் தண்ணீரில்தான். வேர் பிறக்க வெட்டுவாய் மூச்சு விட வேண்டும், அதற்குத் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் அது சுமார் 7 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். தண்ணீர் சூடாகச் சூடாகத் தண்டுக்கு மூச்சுத் தேவை கூடுகிறது, அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்களும் பெருகி மீதி ஆக்சிஜனைக் குடித்துவிடுகின்றன. வரவு குறைந்து செலவு இரட்டிப்பாகும் குடும்பம் போல அந்தக் குப்பி மூன்று நான்கு நாளில் மூழ்கிப்போகிறது. நேர்வெயில் படும் சன்னலில் வைத்த கண்ணாடிக் குப்பியின் தண்ணீர், மே மாதத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குக் கை பொறுக்காத சூட்டுக்குப் போய்விடும். என்னுடைய 13 துண்டுகள் அழுகின என்பதைவிட அவை வெந்தன என்பதே சரி.

பானையடியில் தற்செயலாக நடந்ததை இப்போது வேண்டுமென்றே செய்கிறேன். அகலமான மண் சட்டி ஒன்றில் மணலை நிரப்பி நனைத்து, குப்பிகளைக் கழுத்துவரை அதில் புதைத்து, மின்விசிறிக் காற்று படும் நிழலில் வைத்துவிடுகிறேன். சட்டி சுட்ட மண்ணாக இருக்க வேண்டும், உள்ளிருக்கும் ஈரம் வெளியே கசிய வேண்டும். கரிகிரியில் செய்யும் மெருகிட்ட பாண்டங்கள் பார்வைக்கு அழகு, இதற்கு உதவா. மெருகு ஈரத்தை அடைத்துவிடும். சாலையோரத்தில் கவிழ்த்து வைத்து விற்கும் சாதாரணச் சட்டியே போதும். நம் கோடையின் காற்று உலர்ந்தது என்பதால் ஆவியாதல் வேகமாக நடக்கிறது, சட்டி நன்றாகக் குளிர்கிறது. மழைக்காலத்தில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது, அப்போது தேவையும் இல்லை. இதோடு கோடையில் தினமும் காலையில் தண்ணீர் மாற்றுகிறேன். மற்ற மாதங்களில் மூன்று நாளுக்கு ஒருமுறை.

எந்தத் தண்ணீர் என்பது அடுத்த கேள்வி. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் படிகிறது. குப்பியில் ஊற்றினால் பத்து நாளில் கண்ணாடியில் வளையம் வளையமாக உப்புக் கோடு விழுகிறது, இலை நுனி கருகுகிறது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. மனிதர் பொறுத்துக்கொள்வதை வேரில்லாத தண்டு பொறுத்துக்கொள்வதில்லை. பாலாற்றுப் படுகையின் நீர் என்றாலே இந்த மாவட்டத்தில் ஒரு நீண்ட கதை உண்டு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத்தான், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டுக்கு இன்றும் நாடெங்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். என் கிணற்று உப்பு பாறையிலிருந்தே வந்ததாக இருக்கலாம். எப்படியானாலும் செடிக்கு அதை ஊற்றுவதில்லை. மழை பெய்யும் நாளில் முதல் பத்து நிமிட நீரை விட்டுவிட்டு ஒரு வாளி பிடித்து மூடி வைக்கிறேன். கோடையில் ஏசியின் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் கைகொடுக்கிறது. அது காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, உப்பே இல்லாதது. குழாய்க் குடிநீர் என்றால் ஓர் இரவு திறந்து வைத்துக் குளோரின் வாடை போனபின் ஊற்றலாம்.

தண்ணீரை அடிக்கடி மாற்றுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும்; முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மழைக்காலத்தில் மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து தொட்டியையும் டயரையும் பார்த்துவிட்டு, மணி பிளாண்ட் குப்பி எங்கே என்று கேட்டு அதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பணியாளர் அம்மாளுக்கு என் சன்னலில் ஒன்பது குப்பிகளைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. குப்பியின் வாயில் தண்டைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு அடைத்துவிட்டால் கொசு உள்ளே போகாது என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

வெளிச்ச விஷயத்திலும் புத்தகத்தை அப்படியே நம்ப முடியாது. வடக்குச் சன்னலில் நேர்வெயில் படாது, வெட்டுத் துண்டுகளை அங்கே வையுங்கள் என்று எழுதியிருப்பார்கள். அது கடகரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு. வேலூர் இருப்பது ஏறக்குறைய 12.9 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து, அதைக் கடந்து வடக்கே போய், ஆகஸ்டு நடுவில்தான் திரும்புகிறது. இடைப்பட்ட நாட்களில் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் வடக்குச் சன்னல் வழியாகவே உள்ளே விழுகிறது. காட்பாடி காந்தி நகரில் நாங்கள் இருக்கும் வீட்டின் சமையலறைச் சன்னல் வடக்கு பார்த்தது. அது பாதுகாப்பானது என்று நம்பித்தான் 13 குப்பிகளை அங்கே நிறுத்தினேன். இப்போது அந்த மூன்றரை மாதமும் குப்பிகள் தெற்கு அறைக்குப் போய்விடுகின்றன, மார்கழியில் தெற்குச் சன்னலில் வெயில் நீளும்போது மறுபடி வடக்கே வருகின்றன. வீட்டுக்காரர்கள் இதைப் பார்த்து ஆடு மேய்ப்பதாகக் கிண்டல் செய்கிறார்கள்.

எல்லாவற்றையும் தண்ணீரிலேயே வேர்விடச் செய்ய வேண்டும் என்பதில்லை. சொல்லப்போனால் பல செடிகளுக்கு மண்கலவையே நல்லது, ஏனெனில் தண்ணீரில் பிறந்த வேர் தண்ணீருக்கென்றே அமைந்தது. அதில் காற்று அறைகள் அதிகம், மயிர் வேர்கள் குறைவு. அதை அரை அடி நீளம் வளரவிட்டுப் பிறகு மண்ணில் வைத்தால், அந்த வேர் பெரும்பாலும் செத்து, செடி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வேர் ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் ஆனதும் தொட்டிக்கு மாற்றி, முதல் வாரம் மண்ணைச் சேறாக்காமல் ஈரமாகவே வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் வேரின் அழகைக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துக் காலம் கடத்திக் கெடுத்த செடிகள் பல.

கலவைக்கு நான் நம்புவது உமிக்கரி. ஆரணி அரிசி ஆலைகளின் புண்ணியத்தில் நம் பக்கத்தில் உமிக்குப் பஞ்சமில்லை. பாட்டி பல் துலக்கிய அதே உமிக்கரிதான். தூளாக்காமல் கருகிய உமியின் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். எடை இல்லை, தண்ணீர் தேங்காது, காற்றுப் புகும், நெருப்பில் வெந்ததால் பூஞ்சையும் இல்லை. அது சற்றுக் காரத்தன்மை உடையது என்பதால் தனியாகப் பயன்படுத்தாமல் தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு என்று கலக்கிறேன். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, பழுப்புச் சாயம் குறையும்வரை மூன்று முறையாவது அலசிப் பிழிய வேண்டும். அதில் உப்பு மிகுதி. அலசாத கட்டியில் நான் நட்ட முதல் தொகுதி முழுவதும் போயிற்று, பழியை வெகுநாள் வெயிலின்மேல் போட்டுக்கொண்டிருந்தேன். மண்புழு உரம், சாணி உரம் எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். வேரில்லாத தண்டுக்குச் சோறு போடுவது பல் முளைக்காத பிள்ளைக்கு முறுக்குக் கொடுப்பது போல.

காலத்தைப் பற்றி எங்கள் அப்பாவின் தலைமுறைக்கு ஐயமே இருந்ததில்லை. முருங்கைப் போத்தை வெட்டி, மேல் வெட்டுவாயில் காயாமலிருக்கச் சாணியை அப்பி, ஆடியில் நடுவார்கள். வீட்டுக்குள்ளும் அந்தக் கணக்குத்தான் செல்லும் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு கோடை தேவைப்பட்டது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆடி தொடங்கிக் கார்த்திகைவரை காற்றில் ஈரமும் தண்ணீரில் மிதமான சூடும் சேர்ந்து கிடைக்கின்றன. அப்போது மணி பிளாண்ட் பத்துப் பன்னிரண்டு நாளில் வெள்ளை வேர் காட்டுகிறது. மார்கழி, தை இரவுகளில் வேர் மெதுவாக வரும், ஆனால் அழுகாது. பங்குனி முதல் வைகாசிவரை நான் கத்தியைத் தொடுவதில்லை. தொட்டே ஆக வேண்டுமென்றால் மண் சட்டி இருக்கிறது.

நட்ட தொட்டியை ஒரு கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கவசத்தால் மூடி ஈரத்தைப் பிடித்து வைக்கும் வழக்கம் பழையது. லண்டனில் நதானியல் வார்ட் என்ற மருத்துவர் 1829இல் ஓர் அந்துப்பூச்சிக் கூட்டை மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் வைத்திருந்தபோது, உள்ளேயிருந்த மண்ணில் தானாகப் பெரணி ஒன்று முளைத்து, வெளித் தண்ணீரே இல்லாமல் வாழ்வதைக் கண்டார். அவர் பெயரால் வழங்கும் அந்தப் பெட்டிகளில்தான் பிற்பாடு சீனத்துத் தேயிலைக் கன்றுகள் கப்பலேறி இமயமலைச் சரிவுகளுக்கு வந்தன. என்னுடைய வார்ட் பெட்டி இரண்டு லிட்டர் தண்ணீர்ப் போத்தலின் அடியை வெட்டிக் கவிழ்த்தது; மூடியைத் திறந்தால் காற்று, மூடினால் ஈரம். ஆடிக்குப் பிறகு நிழலில் வைத்தால் செம்பருத்தித் தண்டுக்கு அது அருமையான கவசம். வெயிலில் வைத்தால் இட்லிப் பானை.

எளிதில் வருபவற்றைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கற்பூரவல்லியைக் கிள்ளி எறிந்த இடத்தில் முளைக்கும். சந்தையில் வாங்கிய புதினாக் கட்டில் இலையை ஆய்ந்தபின் எஞ்சும் தண்டை டம்ளர் தண்ணீரில் போட்டால் ஒரு வாரத்தில் வேர். ரணகள்ளிக்கு இன்னும் எளிது. இலையைக் கட்டித் தொங்கவிட்டாலே விளிம்பில் குட்டிச் செடிகள் வரிசையாக வரும், கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று அதற்குப் பெயரே அப்படி. ரப்பர் செடி வேறு ரகம். வெட்டியதும் பால் வடியும், அது உறைந்து வெட்டுவாயை அடைத்துவிடும். பால் நிற்கும்வரை தண்ணீரில் பிடித்திருந்து பிறகு நடலாம், அதைவிட மரத்திலேயே பட்டையை ஓர் அங்குலம் வளையமாக உரித்து, ஈர நார்க்கழிவை வைத்துக் கட்டி விண்பதியன் போடுவது உறுதியான வழி. ஜீஜீ செடி என்று நர்சரிகளில் சொல்லும் மெழுகு இலைச் செடிக்குப் பொறுமை வேண்டும். அதன் ஒற்றைச் சிற்றிலையை நட்டால் முதலில் கடலைப் பருப்பளவு கிழங்கு ஒன்று உருவாகும், அதன்பிறகு பல மாதம் ஒன்றும் நடக்காது. போன ஆவணியில் நட்ட இலை இந்தப் பங்குனியிலும் அப்படியே நிற்கிறது. தோண்டிப் பார்க்கும் ஆசையை அடக்கத்தான் அதைப் பரணில் வைத்திருக்கிறேன்.

மணி பிளாண்டிடம் திரும்பி வருகிறேன். அதைக் காசு கொடுத்து வாங்கக்கூடாது, திருடி வந்து வைத்தால்தான் வீட்டில் பணம் சேரும் என்ற நம்பிக்கை நம் தெருக்களில் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தக் கொடி பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மூரியா என்ற சிறு தீவைச் சொந்த ஊராகக் கொண்டது. அது கிட்டத்தட்டப் பூப்பதே இல்லை. பூப்பதற்குத் தேவையான ஜிப்பரெல்லின் என்ற ஊக்கியை உண்டாக்கும் மரபணு அதில் சரிவர வேலை செய்வதில்லை என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வெளியிலிருந்து அந்த ஊக்கியைத் தெளித்தபோது பூத்தது. பூ இல்லையென்றால் விதை இல்லை. அப்படியானால் வேலூர் முழுவதும் சன்னல்களில் தொங்குவது எல்லாம் யாரோ ஒருவர் எங்கிருந்தோ கிள்ளியதன் துண்டு, அந்தத் துண்டின் துண்டு. நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. ஆனால் கிள்ளி எடுக்காமல் இந்தக் கொடி ஊர் விட்டு ஊர் வந்திருக்கவே முடியாது என்பதை மறுக்கவும் முடியவில்லை.

பானையடியில் பிழைத்த அந்த ஒரு துண்டு அந்த ஆடியிலேயே மூன்றாயிற்று; அடுத்த ஆண்டு பதினொன்று. ஒன்றைக் கீழ்வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன், ஒன்றை ஆரணியில் இருக்கும் தங்கைக்கு. நாங்கள் பிறந்தபோது ஆரணியும் எங்கள் வட ஆற்காடு மாவட்டம்தான். 1989இல் வெட்டியபோது அது திருவண்ணாமலைப் பக்கம் போயிற்று, 2019இல் மீதியையும் மூன்றாக வெட்டினார்கள். போன வைகாசியில் நாங்கள் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தபோது, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் என் தாய்க்கொடி அடியோடு காய்ந்துவிட்டது. கீழ்வீட்டு அக்காவின் கொடிக்கு வேரில் மாவுப்பூச்சி, அதைத் தொட மனமில்லை. ஆடி பிறந்ததும் ஆரணிக்குப் போனேன். தங்கை வீட்டுக் கிணற்றடி நிழலில் அது கூரை ஏறி, உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டிருந்தது. அவள் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டால் தராமலா போவாள். இருந்தாலும் கைப்பையிலிருந்து பிளேடை எடுத்து, ஸ்பிரிட் இல்லாததால் முந்தானையில் துடைத்து, நான்கு கணுவுள்ள துண்டு ஒன்றை வெட்டி ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். பேருந்தில் வேலூர் வந்து சேர்ந்ததும் அது போன இடம் சன்னல் அல்ல, பானையடிதான். ஒன்பதாம் நாள் வேர் தெரிந்தது. தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை.